தூக்கத்தில் வலிப்பா, மூச்சடைப்பா?

குழந்தைகளுக்குத் தூக்கத்தில் வரும் வலிப்பும், தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும் கோளாறும் உடம்பின் வெவ்வேறு இடங்களில் பிறப்பவை. மூளையின் மேற்பரப்பில் உள்ள நரம்பணுக்கள் கட்டுமீறி ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளியிடும்போது வலிப்பு வருகிறது. மூக்குக்கும் குரல்வளைக்கும் நடுவே உள்ள சில சென்டிமீட்டர் நீளப் பாதை சுருங்கும்போது மூச்சடைப்பு வருகிறது. படுக்கையறையிலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். ஏதோ சத்தம் கேட்டு அம்மா கண் விழிக்கிறாள். குழந்தை திணறுகிறது, உடம்பை உதறுகிறது, எழுந்து உட்கார்ந்து எங்கோ வெறித்துப் பார்க்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. ஒரு நிமிடத்தில் மறுபடியும் தூங்கிவிடுகிறது. காலையில் கேட்டால் அதற்கு ஒன்றும் நினைவில் இல்லை. பாய் மட்டும் நனைந்திருக்கிறது.

இதில் குழம்பியவர்கள் பெற்றோர் மட்டுமல்ல. 1981-இல் இத்தாலியின் பொலோனியா நகரில் லுகரேசி, சிரிக்னோட்டா என்ற இரண்டு மருத்துவர்கள், தூக்கத்தில் கைகால்களை முறுக்கி வீசும் சில நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூளை மின்பதிவில் வலிப்பின் அடையாளம் தெளிவாக இல்லை. இது வலிப்பா, புதியதொரு தூக்க நோயா என்று அவர்களே கேள்வி எழுப்பினார்கள். மூளையின் முன்பகுதியில் எழும் வலிப்பு அது என்று ஒப்புக்கொள்ளப்படப் பல ஆண்டுகள் ஆயின. அந்த வகை வலிப்பு பரம்பரையாக வரும் ஒரு குடும்பத்தில் 1995-இல் கண்டறியப்பட்ட மரபணுதான், வலிப்பு நோய்க்கென்று அடையாளம் காணப்பட்ட முதல் மரபணு.

மூச்சடைப்பின் வரலாறு இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. பகலெல்லாம் தூங்கி வழியும் பருமனான நோயாளிகளுக்கு இரவில் மூச்சு மீண்டும் மீண்டும் அடைபடுவதை 1965-இல் பதிவு செய்து காட்டியவர்களில் ஒருவர் பிரான்ஸின் மார்செய் நகரைச் சேர்ந்த ஆன்ரி கஸ்தோ. அவர் அக்காலத்தின் பெயர்பெற்ற வலிப்பு நோய் நிபுணர். குழந்தைகளுக்கும் இது வரும் என்பது எட்டுக் குழந்தைகளைப் பற்றி 1976-இல் கில்லமினோ என்ற மருத்துவரின் குழுவினர் எழுதிய கட்டுரைக்குப் பிறகே மருத்துவ உலகில் பரவலாகத் தெரிந்தது. மூளை மின்பதிவையும் மூச்சையும் ஒருசேரப் பதிவு செய்த இடங்களில்தான் இந்த இரண்டும் பிரித்தறியப்பட்டன. இன்றைக்கும் நிலைமை அதுவே.

இரவின் எந்தப் பகுதி

தூக்கம் இரவு முழுக்க ஒரே ஆழத்தில் ஓடுவதில்லை. மேலோட்டமான தூக்கம், நடுத்தரத் தூக்கம், அடர்ந்த தூக்கம், அதன்பின் கண்கள் இமைக்குள் உருளும் கனவுத் தூக்கம் என்று ஒரு சுற்று. அது முடிந்ததும் அடுத்த சுற்று. பள்ளி செல்லும் குழந்தைக்கு ஒரு சுற்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் அடர்ந்த தூக்கம் அதிகம். விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் நீள்கிறது.

கனவுத் தூக்கத்தில் உடம்பின் தசைகள் ஏறக்குறைய முழுவதுமாகத் தளர்ந்துவிடும். தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகளுக்கும் அதே கதி. அதனால் குழந்தைகளின் மூச்சடைப்பு பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் மோசமாகிறது. வலிப்புக்குக் கனவுத் தூக்கம் பிடிப்பதில்லை. மூளையின் பெரும்பகுதி ஒரே தாளத்தில் அசையும் மற்ற கட்டங்களில், அதிலும் நடுத்தரத் தூக்கத்தில், மின்துடிப்பு எளிதாகப் பரவும். கனவுத் தூக்கத்தில் அந்தத் தாளம் கலைந்துவிடுவதால் வலிப்பு அரிது. தூங்கிய சிறிது நேரத்திலும், எழுவதற்குச் சற்று முன்பும் வலிப்பு வருவதுண்டு. நேரத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் 'எத்தனை மணிக்கு?' என்ற மருத்துவரின் கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அடைபடும் மூச்சு

இரண்டு வயதிலிருந்து எட்டு வயது வரை டான்சிலும், மூக்கின் பின்புறம் வெளியே தெரியாமல் இருக்கும் அடினாய்டும் தொண்டையின் அளவுக்குப் பெரியவையாக இருக்கும். விழித்திருக்கும்போது தசைகள் பாதையை விரித்து வைத்திருப்பதால் தொல்லை இல்லை. தூங்கியதும் பாதை குறுகுகிறது. குழந்தை பலமாக மூச்சை இழுக்கும்போது, உறிஞ்சும் வேகத்தில் காகித உறிஞ்சுகுழலின் சுவர்கள் ஒட்டிக்கொள்வது போல, தொண்டையின் மென்மையான சுவர்கள் உள்வாங்கி ஒட்டிக்கொள்கின்றன. 100 குழந்தைகளில் 1 முதல் 5 பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. வெறும் குறட்டையோடு நின்றுவிடுபவர்கள் இதைவிட அதிகம்.

பெரியவர்களுக்கு மூச்சு குறைந்தது 10 விநாடி தடைபட்டால்தான் அதை ஒரு நிகழ்வாக எண்ணுவார்கள். மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் பொருட்படுத்த மாட்டார்கள். குழந்தையின் நுரையீரலில் இருப்பு குறைவு, மூச்சின் வேகம் அதிகம். ஆகவே இரண்டு மூச்சு தவறினாலே கணக்கில் சேர்கிறது. மணிக்கு 1-க்கு மேல் போனாலே அது இயல்பு அல்ல. பெரியவர்களுக்கான அளவுகோலை வைத்துப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்படும் குழந்தைகள் உண்டு. அறிக்கையை வாங்கும்போது அது குழந்தைகளுக்கான கணக்கா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் குழந்தைகளின் இரவைக் கவனித்துப் பார்த்தால், நிகழ்வு எதுவும் இல்லாத நேரத்திலும் தூக்கம் சரியாக இல்லை என்பது தெரியும். வாய் திறந்திருக்கும். கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுத்திருக்கும், அல்லது முட்டி போட்டுக் குப்புறக் கிடக்கும். குளிர்காலத்திலும் தலையணை வியர்வையில் நனையும். மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்பும், மார்பு உள்ளே போகும். குறட்டை ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நிற்கும். மார்பும் வயிறும் போராடிக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் போகாது. சில விநாடிகள் கழித்து ஒரு பெரிய உறுமலோ விக்கலோ வந்து உடம்பு ஒருமுறை தூக்கிப்போடும். குழந்தை புரண்டு படுக்கும். குறட்டை மறுபடி தொடங்கும். பெற்றோர் பார்த்து மிரள்வது அந்தத் தூக்கிப்போடலைத்தான். மூச்சுத் திணறும் மூளை தன்னை அரைகுறையாக எழுப்பிக்கொள்வதன் விளைவு அது.

பகலில் இந்தக் குழந்தை தூங்கி வழியாமலும் இருக்கலாம். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து உட்காருவார். தூக்கம் போதாத குழந்தை ஓரிடத்தில் உட்காராது. எரிச்சல், அடம், கவனமின்மை என்று பள்ளியிலிருந்து புகார் வரும். வாலுப் பையன் என்று பெயர் வாங்கிக்கொண்டு இரவெல்லாம் மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும்.

தூக்கத்தில் வரும் வலிப்புகள்

குழந்தைகளுக்குத் தூக்கத்தில் வரும் வலிப்பு ஒரே வகையைச் சேர்ந்தது இல்லை. அதனால்தான் ஒரே அடையாளத்தைக் கொண்டு அதைப் பிடிக்க முடிவதில்லை.

அதிகம் காணப்படுவது பள்ளி வயதில் வரும் ரோலண்டிக் வலிப்பு. 3 முதல் 14 வயதுக்குள் தொடங்கும். தூங்கிய சிறிது நேரத்தில், அல்லது விடியலில், முகத்தின் ஒரு பக்கம் துடிக்கும், வாய் கோணும், எச்சில் வழியும், தொண்டையிலிருந்து களகளவென்று சத்தம் வரும். குழந்தைக்குப் பெரும்பாலும் நினைவு இருக்கும், பேச மட்டும் வராது. கண்ணை அகல விரித்து, கையைக் காட்டித் தவிக்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் அடங்கும். தொண்டைச் சத்தத்தையும் எச்சிலையும் பார்த்து, சளி அடைத்துக்கொண்டது, சாப்பிட்டது புரையேறிவிட்டது என்று வீட்டார் நினைப்பது இயல்பு. வலிப்பை மூச்சுக் கோளாறாக எடுத்துக்கொள்ள இது எளிதில் இடம் தருகிறது. ஆறுதலான செய்தி, பதினாறு வயதுக்குள் இது ஏறக்குறைய எல்லோருக்கும் தானாகவே நின்றுவிடுகிறது.

இன்னும் சிறிய வயதில், 3 முதல் 6 வயது வாக்கில், கிரேக்க மருத்துவர் பனயோட்டோபுலோஸ் விவரித்த ஒரு வகை உண்டு. இதில் உதறல் பின்னால்தான் வரும், சிலருக்கு வராமலே போகும். தூக்கத்திலிருந்து எழும் குழந்தை குமட்டுகிறது என்று சொல்லும், வெளிறிப்போகும், வாந்தி எடுக்கும். பிறகு கண்கள் ஒரு பக்கம் திரும்பி நின்றுவிடும். அரை மணி நேரத்துக்கு மேல்கூட நீடிக்கும். அஜீரணம் என்றும் மயக்கம் என்றும் பெயர் பெற்று, வலிப்பென்று யாருக்கும் தோன்றாமலே போய்விடுவதுண்டு.

மூன்றாவது, பொலோனியா மருத்துவர்களைக் குழப்பிய முன்மூளை வலிப்பு. தூக்கத்திலிருந்து திடீரென்று எழுந்து, சைக்கிள் மிதிப்பது போலக் கால்களை உதைத்து, இடுப்பை ஆட்டி, கத்தி, கையை முறுக்கி, இரண்டு நிமிடத்துக்குள் பட்டென்று நின்றுவிடும். ஒரே இரவில் பலமுறை வரும். சில குழந்தைகள் அப்போதும் நினைவோடு இருக்கும். 'மூச்சு முட்டுது' என்றுகூடச் சொல்லும். இந்தச் சொல்லைக் கேட்டு ஆஸ்துமா மருந்து தரப்பட்டதும் உண்டு, பேய் பிடித்ததாக எண்ணி வேப்பிலை அடித்ததும் உண்டு.

உடம்பு முழுவதும் விறைத்து உதறும் பெரிய வலிப்பில் சந்தேகம் வர வழியில்லை என்று தோன்றலாம். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உதறல் அடங்கிய பின் குழந்தை ஆழ்ந்த மயக்கத்தில், எச்சில் தேங்கிய தொண்டையோடு, கொர்கொர்ரென்று பெருமூச்சு விடும். பக்கத்து அறையில் தூங்கிய பெற்றோரை எழுப்புவது பெரும்பாலும் இந்தச் சத்தம்தான். அவர்கள் வந்து பார்க்கும்போது வலிப்பு முடிந்திருக்கும். மிச்சமிருப்பது குறட்டை மட்டும். நாக்கின் ஓரத்தில் கடித்த புண், தலையணையில் ரத்தம் கலந்த எச்சில், காலையில் உடம்பு வலி, ஒரு கை சில மணி நேரம் பலமிழந்து கிடப்பது ஆகியவை நடந்ததைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள்.

வேறுபடுத்தும் அடையாளங்கள்

படுக்கை நனைவதும், காலைத் தலைவலியும், மறதியும், பள்ளியில் பின்தங்குவதும் இரண்டு நோய்க்கும் பொது. இவற்றை வைத்துக்கொண்டு வாதாடிப் பயனில்லை.

பயன்படும் முதல் கேள்வி: நிகழ்வு இல்லாத நேரத்தில் குழந்தை எப்படித் தூங்குகிறது? மூச்சடைப்புள்ள குழந்தையின் இரவு முழுவதுமே போராட்டம். பெற்றோர் பார்த்த நிகழ்வு அந்தப் போராட்டத்தின் உச்சம் மட்டுமே. வலிப்புள்ள குழந்தை நிகழ்வுக்கு முன்புவரை அமைதியாக, வாய் மூடி, சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். மருத்துவரிடம் போகும் பெற்றோர் பயமுறுத்திய அந்த ஒரு நிமிடத்தை மட்டுமே விவரிக்கிறார்கள். மீதி எட்டு மணி நேரத்தில்தான் பாதி விடை இருக்கிறது.

அடுத்தது, எது முந்தியது என்பது. மூச்சடைப்பில் குறட்டை, அமைதி, திணறல், பிறகு உடம்பு அசைவு என்ற வரிசை. வலிப்பில் உடம்போ முகமோ கண்ணோ முதலில் மாறும். மூச்சு பின்னால் தடுமாறும். ஆனால் இந்த விதிக்கு விலக்கு உண்டு. நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியில் எழும் சில வலிப்புகள் மூச்சை நிறுத்துவதிலேயே தொடங்கும். அப்போதும் ஒரு வேறுபாடு தெரியும்: அடைப்பில் மார்பும் வயிறும் இழுத்துக்கொண்டே இருக்கும், வலிப்பால் நிற்கும் மூச்சில் மார்பு அசையாமல் கிடக்கும்.

அசைவின் தன்மையும் பேசும். மூச்சடைப்பில் வரும் உதறல் ஒருமுறை தூக்கிப்போட்டு நின்றுவிடும். அதைத் தொடர்ந்து குழந்தை காரணத்தோடுதான் அசையும், அதாவது புரளும், தலையணையைத் தள்ளும், மூச்சு எளிதாகும் கோணத்தைத் தேடும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் உடனே ஆறுதல் கிடைக்கும், கூப்பிட்டால் விழித்துக்கொள்ளும். வலிப்பின் துடிப்பில் தாளம் இருக்கும். கையைப் பிடித்து நிறுத்தினாலும் உள்ளே துடித்துக்கொண்டே இருக்கும். கண்கள் பெரும்பாலும் திறந்திருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது அச்சு மாறாமை: திங்கட்கிழமை வந்த வலிப்பும் அடுத்த வாரம் வந்த வலிப்பும் ஒரே பக்கத்தில், ஒரே வரிசையில் நடக்கும்.

இந்த இரண்டோடும் சேர்த்துக் குழப்பப்படும் மூன்றாவது ஒன்று, இரவு அலறல். தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில், அடர்ந்த தூக்கத்திலிருந்து அரைகுறையாக எழும் குழந்தை வீறிட்டுக் கத்தும்; அணைக்க வந்தால் தள்ளிவிடும்; ஐந்து பத்து நிமிடங்கள் போனபின் மெல்ல அடங்கும். ஒரு தடவைபோல இன்னொரு தடவை இருக்காது. இரவுக்கு ஒன்றுக்கு மேல் வருவது குறைவு. இதற்கு மாறாக முன்மூளை வலிப்பு சில விநாடிகளில் உச்சம் தொட்டு, இரண்டு நிமிடத்தில் முடிந்து, அதே இரவில் திரும்ப வரும். இரவு அலறலும் தூக்கத்தில் நடப்பதும் திடீரென்று அதிகமானால் குறட்டையைப் பற்றி விசாரிக்க வேண்டும். மூச்சடைப்பு தூக்கத்தைக் கலைப்பதால் அவை தூண்டப்படுகின்றன. டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பின் தூக்கத்தில் நடப்பது நின்றுபோன குழந்தைகளைப் பற்றி ஆய்வுகள் வந்திருக்கின்றன.

கைக்குழந்தைகள்

ஒரு வயதுக்குள் விதிகள் மாறுகின்றன. பிறந்த சில வாரங்களில் தூக்கத்தில் கைகால்கள் படபடவென்று துடிப்பதைப் பார்த்து அலறி அடித்துக்கொண்டு ஓடி வருபவர்கள் அதிகம். தூக்கத்தில் மட்டும் வந்து, எழுப்பியதும் சட்டென்று நின்றால் அது பெரும்பாலும் தீங்கற்ற தூக்கத் துடிப்பு. சில மாதங்களில் மறைந்துவிடும். ஐந்து பத்து விநாடி மூச்சை நிறுத்திப் பிறகு வேகமாக மூச்சு விடுவதும் சிறு குழந்தைகளின் இயல்புதான். 20 விநாடிக்கு மேல் நீண்டாலோ, நீலம் பாய்ந்தாலோ, உடம்பு துவண்டாலோ அது அவசர நிலை.

கவனம் தப்பக் கூடாத ஒன்று, மூன்று மாதம் முதல் ஒரு வயதுக்குள் வரும் கொத்து வலிப்பு. தூங்கி எழுந்ததும் குழந்தை தலையைக் குனிந்து, கைகளை விரித்து, ஒரு நொடி குறுகும். சில விநாடிகள் விட்டு மறுபடியும். இப்படிப் பத்து இருபது தடவை. பார்க்க வயிற்று வலி போலவும், திடுக்கிடல் போலவும் இருக்கும். சிகிச்சை தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதால், சந்தேகம் வந்த நாளிலேயே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

இரண்டும் ஒன்றாக இருக்கும்போது

'இதுவா, அதுவா?' என்று கேட்பதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. இரண்டும் ஒரே குழந்தைக்கு இருக்கலாம். ஒன்றையொன்று வளர்க்கவும் செய்யலாம். மூச்சடைப்பு தூக்கத்தைத் துண்டு துண்டாக்குகிறது. தூக்கம் கெட்ட மூளை வலிப்புக்கு எளிதில் இடம் கொடுக்கிறது. மறுபக்கம், வலிப்புக்குத் தரப்படும் பினோபார்பிட்டோன், குளோபசாம் போன்ற மருந்துகள் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தக்கூடும். வால்ப்ரோயேட் சிலருக்கு எடையைக் கூட்டி, அந்த வழியாக மூச்சுப்பாதையை நெருக்கும். மருந்து தொடங்கியபின் குறட்டை அதிகமானால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தைத் தாங்களாக நிறுத்துவது ஆபத்து.

மருந்துக்கு வலிப்பு சரியாக அடங்காத குழந்தைகளில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று தேடுவது இன்று நல்ல வழக்கமாகி வருகிறது. டான்சிலையும் அடினாய்டையும் அகற்றியபின் வலிப்பின் எண்ணிக்கை குறைந்ததைச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ மூச்சடைப்பு இருப்பதால், குறட்டை இல்லாவிட்டாலும் நான்கு வயதுக்குள் தூக்க ஆய்வு செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. கொத்து வலிப்பும் இந்தக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

எந்தப் பரிசோதனை எதைக் காட்டும்

முதல் பரிசோதனைக் கருவி எல்லோர் கையிலும் இருக்கிறது. நிகழ்வின்போது போர்வையை விலக்கி, விளக்கைப் போட்டு, முகமும் மார்பும் கைகால்களும் ஒருசேரத் தெரியும்படி கைபேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோ, பல பக்க விவரிப்பைவிட மதிப்புள்ளது. பலர் எடுக்காமல் விடுவது இரண்டாவது வீடியோவை: எந்த நிகழ்வும் இல்லாத விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு, குழந்தை சும்மா தூங்குவதை இரண்டு மூன்று நிமிடம், சத்தத்தோடு பதிவு செய்வது. கனவுத் தூக்கம் மிகுந்த நேரம் அதுதான். அடைப்பு இருந்தால் அப்போது தெரிய வாய்ப்பு அதிகம்.

அரை மணி நேர ஈ.ஈ.ஜி., அதாவது மூளை மின்பதிவு, வலிப்பைத் தேடும் முதல் படி. வலிப்பு உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் பதிவில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இரவு தூக்கத்தைக் குறைத்து வந்து, தூங்கும்போது எடுத்தால் வாய்ப்பு கூடும்; ரோலண்டிக் வலிப்பின் கூர் அலைகள் தூக்கத்தில் பெருகுபவை. மறுபுறம், வலிப்பே வந்திராத ஆரோக்கியமான குழந்தைகளில் சிலருக்கும் இதே கூர் அலைகள் இருப்பதுண்டு. ஆகவே பதிவு சுத்தமாக இருப்பதால் வலிப்பு இல்லையென்றும் ஆகாது, அலை தெரிந்ததால் இரவில் நடந்தது வலிப்புதான் என்றும் ஆகாது. சிலருக்குக் கண்ணுக்குத் தெரியும் வலிப்பே இல்லாமல், தூக்கத்தில் மட்டும் அலைகள் ஓயாமல் ஓடி, பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழக்கும் அரிய நோயும் உண்டு. கற்றது மறந்துகொண்டே போகும் குழந்தைக்கு இரவு முழுக்க ஈ.ஈ.ஜி. எடுப்பது அதற்காக.

இந்தியாவில் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் துடிக்கும் வலிப்பு புதிதாக வந்தால் மூளை ஸ்கேனும் தேவைப்படும். நாடாப்புழுவின் கட்டி மூளையில் தங்குவது இங்கே வலிப்புக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, சிகிச்சையும் வேறு.

மூச்சடைப்பை உறுதி செய்வது இரவு முழுக்க ஆய்வகத்தில் தூங்க வைத்து எடுக்கும் தூக்க ஆய்வு. மூக்கின் காற்றோட்டம், மார்பு வயிறு அசைவு, ரத்த ஆக்சிஜன், கரியமில வாயு, இதயத் துடிப்பு, தசை இறுக்கம் எல்லாம் பதிவாகும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வழக்கமான தூக்க ஆய்வில் தலையில் ஒட்டும் மின்முனைகள் மிகச் சில. தூக்கத்தின் கட்டத்தை அறிய அவை போதும். பதிவையும் 30 விநாடிக்கு ஒரு பக்கமாக நெருக்கிப் படிப்பார்கள். வலிப்பின் கூர் அலையைக் காண இருபது மின்முனைகளாவது வேண்டும். 10 விநாடிக்கு ஒரு பக்கமாக விரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு சந்தேகமும் இருக்கும் குழந்தைக்கு, முழு ஈ.ஈ.ஜி.யும் வீடியோவும் சேர்ந்த தூக்க ஆய்வு என்று சீட்டில் முன்கூட்டியே எழுதி அனுப்பினால் ஒரே இரவில் வேலை முடியும்.

ஆய்வகம் எட்டாத ஊர்களில் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி இரவு முழுக்கப் பதிவு செய்வது உதவும். ஆக்சிஜன் கொத்துக் கொத்தாக இறங்கி ஏறினால் மூச்சடைப்பு ஏறக்குறைய உறுதி. இறங்காவிட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. பல குழந்தைகள் ஆக்சிஜன் குறையும் முன்பே விழித்துக்கொள்கிறார்கள். வாயைத் திறந்து டான்சிலின் அளவைப் பார்ப்பதும் குறையுள்ள அளவுகோலே. பெரிய டான்சிலோடு நிம்மதியாகத் தூங்கும் பிள்ளையும் உண்டு, சிறிய டான்சிலோடு திணறும் பிள்ளையும் உண்டு.

அந்த இரவிலும் அதன் பிறகும்

காரணம் எதுவாக இருந்தாலும் முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியது ஒன்றே: குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்தைச் சுற்றி இறுக்கமானதைத் தளர்த்தி, மணியைப் பார்ப்பது. கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், வாயில் ஸ்பூனோ துணியோ தண்ணீரோ வைப்பதும் கூடாது. சாவியால் வலிப்பு நிற்பதில்லை, வாயில் வைப்பது மூச்சை அடைக்கும். துடிப்பு 5 நிமிடம் தாண்டினால், ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் இன்னொன்று வந்தால், மூச்சு நின்று உடம்பு நீலமானால் 108-ஐ அழைக்க வேண்டும். வலிப்பு என்று உறுதியான குழந்தைகளின் வீட்டில் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை வைத்துக்கொள்ள மருத்துவர் சொல்வார்.

மூச்சடைப்பு லேசாக இருந்தால் சில வாரங்கள் மூக்கில் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்துப் பார்ப்பதுண்டு. மாண்டெலுகாஸ்ட் மாத்திரையும் தரப்படுகிறது. மனநிலை மாற்றங்கள் வரலாம் என்று 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடும் எச்சரிக்கை விடுத்ததால், குழந்தையின் நடத்தையைக் கவனிக்க வேண்டும். மூச்சடைப்பு இதைவிடக் கடுமையாக இருந்தால் டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சைதான் முதன்மையானது. 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், அறுவை செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்க ஆய்வு சீரானது. அறுவை செய்யாமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சீரானது. நடத்தையும் தூக்கமும் அறுவை செய்தவர்களுக்கு நன்றாகத் தேறின. கவனத்தை அளக்கும் தேர்வில் மட்டும் பெரிய வேறுபாடு இல்லை. அவசரமில்லாத லேசான கோளாறில் சில மாதம் பொறுத்துப் பார்ப்பதும் தவறில்லை என்பதற்கு இது சான்று.

வலிப்பில் சிகிச்சை வகையைப் பொறுத்தது. ரோலண்டிக் வகையில் ஒன்றிரண்டு முறை மட்டும் வந்திருந்தால் மருந்தே இல்லாமல் விடுவது வழக்கம். முன்மூளை வலிப்பில் படுக்கும் முன் தரும் குறைந்த அளவு கார்பமசெபைனுக்கே பலருக்கு நல்ல பலன் தெரியும்.

டான்சிலை எடுத்தபின்பும் பருமனான குழந்தைகளுக்கும், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும், நரம்புத் தசைக் கோளாறு உள்ளவர்களுக்கும் மூச்சடைப்பு மிச்சமிருப்பது சகஜம். அவர்களுக்கு எடைக் குறைப்போ, முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியோ தேவைப்படும். அறுவைக்குச் சில மாதம் கழித்தும் இரவு நிகழ்வுகள் தொடர்ந்தால் இரண்டாம் முறை தூக்க ஆய்வு செய்யப்படுகிறது. குறட்டை நின்று, மூச்சும் சீராகி, அச்சு மாறாத அந்த உதறல் மட்டும் மிஞ்சியிருந்தால் அடுத்துப் போக வேண்டியது நரம்பியல் மருத்துவரிடம்.